வீட்டு வானுக்கு எந்த ஜிபிஎஸ்? யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிக்கிடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஹையேஸ் வானின் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டில் அடித்து, காஸ் அடுப்பும் தண்ணீர்க் கானும் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு நாடு சுற்றுகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். ஆடி, ஆவணியில் வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து இறங்கினால் வாடகை வான்களுக்கும் அதே ஓட்டம்தான். இன்னொரு பக்கம், கனடாவில் தம்பி வீட்டுக்குப் போய் நிற்கிறவர்கள் அங்கே பெரிய ஆர்வி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போகிறார்கள். எந்த ஜிபிஎஸ் வாங்கலாம் என்று இரண்டு கூட்டமும் கேட்கிறது. இரண்டு கூட்டத்துக்கும் பதில் வேறு.

ஆர்வி என்று எதைச் சொல்கிறீர்கள்?

படுக்க, சமைக்க, சில வண்டிகளில் குளிக்கவும் வசதி உள்ள வாகனம். வட அமெரிக்காவில் ஆர்வி என்பார்கள், ஐரோப்பாவில் கேம்பர் அல்லது மோட்டார்ஹோம். நிசான் கரவன் என்று எங்கள் தெருக்களில் ஓடுவது வெறும் வான். அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே நான் வீட்டு வான் என்று எழுதுவது உள்ளே மாற்றம் செய்த ஹையேஸ், கரவன், கோஸ்டர் சிறு பேருந்து மாதிரியானவற்றை.

போன் இருக்கிறபோது தனியாக ஒரு ஜிபிஎஸ் எதற்கு?

இலங்கைக்குள் மட்டும் ஓடுகிறவர் என்றால் பெரும்பாலும் தேவையில்லை. காசை மிச்சம் பிடியுங்கள்.

தனிக் கருவியில் நன்மை இல்லாமல் இல்லை. நடுவழியில் அழைப்பு வந்து திரையை மறைக்காது. வெயிலிலும் திரை தெரியும். முக்கியமாக, சூடு தாங்கும். ஐபோனை 35 பாகை வரையான சூழலில் பாவிக்கச் சொல்கிறது அப்பிள். ஜிபிஎஸ் கருவி செய்யும் கார்மின் நிறுவனத்தின் பல வாகனக் கருவிகளுக்கு அந்த எல்லை 55 பாகை. சித்திரை, வைகாசியில் ஆனையிறவு வெளியில் மத்தியானம் ஓடிப் பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிய போன் முதலில் வெளிச்சத்தைக் குறைக்கும், பிறகு சார்ஜ் ஏறுவதை நிறுத்தும், கடைசியில் ஆறட்டும் என்று தானே அணைந்துவிடும்.

அதற்கு மருந்து மலிவு. போனைக் கண்ணாடியில் ஒட்டாமல் ஏசி காற்று வரும் வாயில் கொழுவும் தாங்கி ஒன்று வாங்குங்கள். குளிர்காற்று போனின் முதுகில் படும், ஆட்டமும் குறையும். கண்ணாடியில் ஒட்டும் உறிஞ்சுத் தாங்கி எங்கள் வெயிலில் இளகி, நல்ல வளைவு வரும் நேரமாகப் பார்த்து விழும்.

டேட்டா இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யுமா?

செய்யும். பலர் இதை நம்புவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை அனுப்பும் சமிக்ஞையை உங்கள் போன் வாங்கிக் கணக்குப் போடுகிறது, திருப்பி எதையும் அனுப்புவதில்லை. குறைந்தது நான்கு செயற்கைக்கோள் தெரிந்தால் இடம் பிடித்துவிடும். சிம்மும் தேவையில்லை, டேட்டாவும் தேவையில்லை. அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ எல்லாவற்றையும் இன்றைய போன்கள் சேர்த்தே கேட்கின்றன. அதனால் மரம் மூடிய வீதியிலும் பெரிதாகத் தடுமாறுவதில்லை. மழைக்கும் அசையாது.

டேட்டா வேண்டியது வரைபடத்தின் படத்துக்கும் நெரிசல் தகவலுக்கும்தான். படத்தை வீட்டில் வைஃபையில் இறக்கி வைத்துவிட்டால் காட்டுக்குள்ளும் வழி காட்டும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். டேட்டா இருந்தால் எந்தச் செயற்கைக்கோள் எங்கே என்ற தகவலை இணையத்தில் எடுத்துச் சட்டென்று இடம் பிடிக்கும். இல்லாவிட்டால் அந்தத் தகவலையும் வானத்தில் இருந்தே வாங்க வேண்டும். நீண்ட நாள் அணைந்து கிடந்த கருவிக்குச் சில நிமிடம் போகலாம், முழு அட்டவணையும் வந்து முடிய 12.5 நிமிடம். எனவே வெளிக்கிட முன்னம், மாமரத்துக்குக் கீழே இல்லாமல் வெளி முற்றத்தில் போட்டுவிட்டுச் சாமானை ஏற்றுங்கள்.

ஆர்விக்கு என்றே விற்கிற ஜிபிஎஸ்ஸில் அப்படி என்ன விசேஷம்?

வண்டியின் உயரம், அகலம், நீளம், எடை, காஸ் சிலிண்டர் உண்டா இல்லையா என்பதை அதற்குள் பதியலாம். அதன் பிறகு உங்கள் வண்டி நுழைய முடியாத பாலம், எடை தாங்காத பாலம், காஸ் கொண்டுபோகத் தடை உள்ள சுரங்கம் எல்லாவற்றையும் தவிர்த்து வழி போடும். செங்குத்து இறக்கமும் கூர்மையான வளைவும் வருகிறபோது முன்கூட்டியே எச்சரிக்கும். வண்டியை நிறுத்திப் படுக்கக்கூடிய முகாம்கள், கழிவுத் தொட்டி காலி செய்யும் இடங்கள் பட்டியலாக உள்ளே இருக்கும்.

கார்மினின் ஆர்வி 795, 895, 1095 என்பவை முறையே 7, 8, 10 அங்குலத் திரை கொண்டவை. ஐரோப்பாவில் அதே நிறுவனம் கேம்பர் என்ற பெயரில் விற்கிறது. டொம்டொம்மின் கோ கேம்பர் அங்கே பிரபலம். அமெரிக்காவில் ராண்ட் மெக்னலியும் ஆர்விக் கருவி செய்கிறது. தனிக் கருவி வேண்டாம் என்றால் இதே வேலையைச் செய்யும் சந்தா ஆப்கள் போனுக்கும் உண்டு. சிஜிக்கின் டிரக்–கேரவன் பதிப்பும் கோபைலட்டும் அந்த வகை.

மாமா வரும்போது கனடாவில் இருந்து ஒன்று கொண்டு வரட்டுமா? இங்கே வேலை செய்யுமா?

செயற்கைக்கோளை இங்கேயும் பிடிக்கும். வழி காட்டாது. உள்ளே இருப்பது வட அமெரிக்க வரைபடம். யாழ்ப்பாணத்தில் போட்டால் வெறும் திரையில் ஓர் அம்புக்குறி நிற்கும், அவ்வளவுதான்.

யாரும் எழுதித் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தகவலில் இருந்து கார்மினுக்கென்று செய்த இலவச வரைபடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. மைக்ரோஎஸ்டி அட்டையில் போட்டு ஏற்றினால் இலங்கை வீதிகள் தெரியும், சாதாரண கார் வழியும் வரும். ஆனால் நீங்கள் மேலதிகக் காசு கொடுத்தது உயரம், எடை பார்த்து வழி போடும் வேலைக்கு. அந்த வேலை கருவியின் மூளையில் மட்டும் நடப்பதில்லை. இந்தப் பாலம் எத்தனை மீற்றர், அந்த மதகு எத்தனை தொன் என்று யாரோ அளந்து வரைபடத்தில் எழுதியிருக்க வேண்டும். வட அமெரிக்காவில், ஐரோப்பாவில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீதிகளுக்கு அது இல்லை.

ஆகவே மாமாவிடம் வேறு ஏதாவது கேளுங்கள்.

அப்படியானால் எந்த ஆப்?

இரண்டு போடுங்கள். ஒன்று கூகிள் மேப். கடைகள், விடுதிகள், எரிபொருள் நிலையங்கள், கொழும்பு நெரிசல் எல்லாவற்றுக்கும் அதை விடச் சிறந்தது இங்கே இல்லை. வடக்கு, கிழக்கு, மலையகம் மூன்றையும் ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். ஆஃப்லைனில் இருக்கும்போது வாகன வழி வரும், ஆனால் நெரிசலும் மாற்று வழிகளும் வராது. இறக்கிய வரைபடத்துக்குக் காலாவதித் திகதியும் உண்டு. வைஃபையில் இருக்கும்போது அதைப் புதுப்பித்துவிடுங்கள்.

இரண்டாவது, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓடும் ஒன்று. சுலபமாக வேண்டுமென்றால் ஓர்கானிக் மேப்ஸ். இலவசம், விளம்பரம் இல்லை, முழு இலங்கையும் போனுக்குள் அடங்கும். நோண்டிப் பார்க்கப் பொறுமை இருந்தால் ஓஸ்மண்ட். அதில் வண்டியின் உயரம், அகலம், எடை எல்லாம் கொடுக்கலாம். ஆர்விக் கருவிக்குக் கிட்டவாக இங்கே கிடைப்பது அதுதான். ஆனால் முன்னே சொன்னதே இதற்கும்: யாராவது பாலத்தின் உயரத்தை எழுதியிருந்தால்தான் தவிர்க்கும். உங்கள் ஊரில் ஒரு பாலத்தில் எடைப் பலகை கண்டால் நீங்களே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எழுதலாம், கணக்குத் திறப்பது இலவசம். நாலு பெடியள் மினைக்கெட்டால் குடாநாடு முழுவதும் முடிந்துவிடும்.

என் வானின் உயரம் எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

அளந்துதான். பதிவுப் புத்தகத்தை நம்பாதீர்கள்.

சாதாரணக் கூரை ஹையேஸ் தொழிற்சாலையில் இருந்து வரும்போது ஏறத்தாழ 1.98 மீற்றர் உயரம், 1.7 மீற்றர் அகலம். உயர்ந்த கூரையும் அகல உடலும் உள்ள நீண்ட ஹையேஸ் 2.28 மீற்றர் உயரம், 1.88 மீற்றர் அகலம், 5.38 மீற்றர் நீளம். கோஸ்டர் 2.6 மீற்றரைத் தாண்டும். இதெல்லாம் வெறும் வண்டி. மேலே கரியர் அடித்து, அதில் தண்ணீர்த் தாங்கி, பயணப் பெட்டி, சோலர் தட்டு என்று ஏற்றிய பிறகு யாருக்கும் தன் வண்டியின் உயரம் தெரிவதில்லை.

ஆளுக்கொரு வேலை கொடுங்கள். வண்டியைச் சிமெந்துத் தரையில் நிறுத்தி, ரயருக்குக் காற்றுச் சரியாக அடித்து, கூரையில் எது எல்லாவற்றிலும் உயரமோ அதன் மேலே ஒரு நேர்த் தடியைப் படுக்க வைத்து, தடியின் முனையில் இருந்து தரைக்கு அளவுநாடாவை விடுங்கள். வருகிற கணக்கோடு பத்து சென்ரிமீற்றர் கூட்டிக்கொள்ளுங்கள். மேடு, குழி வரும் இடத்தில் வண்டி துள்ளும். அந்த எண்ணை மீற்றரிலும் அடியிலும் ஒரு துண்டில் எழுதி, ஓட்டுநருக்கு மேலே வெயில் மறைப்பில் ஒட்டுங்கள். ஓட்டுகிறவர் மாறினாலும் அது மாறாது.

கொழும்பில் கடைத்தொகுதிகளின் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடங்களில் உயரக் கம்பி தொங்கும். வெறும் ஹையேஸ் தப்பினாலும் கரியர் தப்பாது. ஊருக்குள் இன்னும் சில எதிரிகள் உண்டு. வீதிக்குக் குறுக்கே தாழத் தொங்கும் வீட்டு இணைப்பு வயர், கோயில் வளைவு, திருவிழாக் காலத்துப் பந்தலும் தோரணமும். இவற்றை எந்த வரைபடமும் சொல்லாது.

ஏன் கூகிள் என்னைக் குச்சு ஒழுங்கைக்குள் கொண்டுபோய் விடுகிறது?

அதற்கு அது வீதி. ஒழுங்கை என்று தெரியாது. இரண்டு சந்திக்கு இடையில் ஒரு கோடு இருக்கிறது, நீளம் குறைவு, போகலாம் என்று கணக்கு முடிவு செய்கிறது. இரண்டு பக்கமும் மதில், நடுவில் மின்கம்பம், எதிரில் ஓட்டோ, பின்னால் மோட்டார் சைக்கிள் என்பதெல்லாம் அந்தக் கோட்டில் இல்லை. கோண்டாவில், கொக்குவில், இணுவில் பக்கம் கோஸ்டரோடு இப்படி மாட்டிக்கொண்டால் பின்னுக்கு எடுப்பது ஒன்றே வழி. அதையும் ஊர் முழுக்க வந்து நின்று இடப்பக்கம், வலப்பக்கம் என்று ஒரே நேரத்தில் சொல்லித் தரும்.

செய்ய வேண்டியது: சேரும் இடமாக வீட்டை வைக்காதீர்கள். பக்கத்துச் சந்தியையோ கோயிலையோ பாடசாலையையோ வையுங்கள். அங்கே நிறுத்தி வீட்டுக்காரரை அழைத்தால் சைக்கிளில் ஒருவர் வந்து கூட்டிப் போவார். வெளிக்கிட முன் வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்புகிறவர் அப்போது வீட்டில் நிற்கிறாரா, சந்தையில் நிற்கிறாரா என்றும் கேட்டுவிடுங்கள்.

ஆள்கூறாக எண் இரண்டு வந்தால் ஒரு சின்னச் சோதனை. இலங்கை முழுவதும் முதல் எண் 5.9க்கும் 9.9க்கும் இடையில், இரண்டாவது 79.6க்கும் 81.9க்கும் இடையில் இருக்கும். யாழ் நகரம் ஏறத்தாழ 9.66, 80.02. முதலில் 80 வந்தால் யாரோ மாற்றி எழுதிவிட்டார்கள்.

ஊர்ப்பெயரைத் தட்டினால் வேறு மாவட்டத்துக்கு வழி காட்டுகிறதே?

ஒரே பெயரில் ஊர்கள் பல. காரைநகரின் பழைய பெயர் காரைதீவு, வயதானவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். அதை அப்படியே தட்டினால் விபுலாநந்தர் பிறந்த கிழக்கிலங்கைக் காரைதீவுக்கு, கல்முனைப் பக்கம், ஒரு முழுநாள் ஓட்டத்துக்கு வழி வரும். பூநகரிப் பக்கம் கல்முனை என்றொரு இடம் இருப்பதும் பலருக்குத் தெரியாது. புளியங்குளம், கந்தளாய் என்று தட்டும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஆள் மாறும். வழியைத் தொடங்க முன் மொத்தத் தூரத்தை ஒரு தடவை பாருங்கள். பத்து கிலோமீற்றர் வரவேண்டிய இடத்தில் முந்நூறு வந்தால் அங்கேயே பிழை தெரிந்துவிடும்.

தீவுப் பக்கம் போகும்போது?

வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் வரை வீதியே போகிறது. அங்கே இறங்குதுறையில் வண்டியை விட்டுவிட்டு நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு. ஆப் சில நேரம் கடலுக்குக் குறுக்கே கோடு போட்டு நிமிடமும் சொல்லும். அது படகுக் கோடு. அதேபோல காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவில் இருப்பது கடல், அதைக் கடப்பது ஊரவர் 'பாதை' என்று சொல்லும் மிதவை. வீட்டு வானோடு ஊர்காவற்றுறை போகிறவர் அந்தக் குறுக்கு வழியை மறந்துவிட்டுப் பண்ணைப் பாலத்தால் வாருங்கள். ஆப்பில் படகுச் சேவையைத் தவிர் என்ற தெரிவை ஒரு தடவை போட்டு வைத்தால் தொல்லை தீர்ந்தது.

பலாலி, மயிலிட்டிப் பக்கம் இராணுவ வலயத்துக்குள் இருந்து வீதிகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறந்தன. வரைபடத்தில் கோடு இருப்பதால் போகலாம் என்று எண்ண வேண்டாம். நல்லூர் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகள் அடைபடும். அந்த நாட்களில் ஆப்பை அணைத்துவிட்டுப் பொலிஸ் காட்டும் பக்கம் போவது சுகம்.

கண்டி, நுவரெலியா, எல்ல, கதிர்காமம். இதற்கு என்ன கவனிக்க வேண்டும்?

இதுதான் இலங்கையில் வழிகாட்டி உண்மையிலேயே பிழைவிடக்கூடிய பகுதி.

முதலாவது, நேரம். ஆப் சொல்லும் நேரம் காருக்கு. ஆறு பேர், கட்டில், காஸ், தண்ணீர் எல்லாம் ஏற்றிய டீசல் வானுக்கு மலையில் அது பொருந்தாது. ஏ9 இல் தம்புள்ளை வரை சொன்ன நேரம் ஏறத்தாழச் சரிவரும். மாத்தளைக்குப் பிறகு ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் இருபது நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள், கம்பளை தாண்டினால் அரை மணித்தியாலம்.

இரண்டாவது, குறுக்கு வழி. கண்டியில் இருந்து நுவரெலியாவுக்குப் பேராதனை, கம்பளை, புசல்லாவை, ரம்பொடை என்று ஏ5 இல் போவதுதான் பெரிய வண்டிக்கு நல்லது. ஏற்றம்தான், ஆனால் பேருந்து ஓடுகிற அகல வீதி. ஆப் சில வேளை ஹங்குராங்கெத்த, வலப்பனைப் பக்கத்தால் சில கிலோமீற்றர் குறைத்துக் காட்டும். அழகான பாதை, மறுப்பதற்கில்லை. எதிரே லொறி வந்தால் யார் பின்னுக்கு எடுப்பது என்ற பேச்சு நடக்கும் பாதையும் அதுவே. மலையில் ஏ எழுத்து வீதியை விட்டு இறங்கச் சொன்னால் இறங்காதீர்கள்.

மூன்றாவது, இறக்கம். எல்லவில் இருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் ஏ23 நீண்ட இறக்கம். ஆப்புக்கு அது நீலக் கோடு மட்டும். தொடக்கத்திலேயே கியரைக் குறைத்து இஞ்சினால் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் பாரமான வண்டியில் அது சூடேறிப் பிடிப்பு விடும். எரிந்த வாடை வந்தால் ஓரம்கட்டி ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

நான்காவது, யானை. ஹபரணைச் சுற்றிலும் புத்தல–கதிர்காமம் வீதியிலும் யானை வீதிக்கு வரும். புத்தல வீதியில் வாகனத்தை மறித்துச் சாப்பாடு கேட்டுப் பழகிய யானைகளே இருக்கின்றன. கதிர்காமத்துக்கு அது குறுக்கு வழி என்பதால் ஆப் அதைத்தான் முதலில் தரும். பகலில் போங்கள். பின்னேரம் ஆகிவிட்டால் தணமல்வில, திஸ்ஸமகாராம என்று சுற்றிப் போவது நல்லது. உள்ளே வாழைப்பழமும் சமைத்த சோறும் வாசம் வீசும் வண்டி உங்களுடையது, நினைவிருக்கட்டும்.

மழைக்காலத்தில் இன்னொன்று. 2025 கார்த்திகையில் டித்வா புயல் அடித்தபோது மலையகத்தில் வீதிகள் மண்சரிவில் போயின. அப்படியான நேரத்தில் திரையில் கோடு அப்படியே இருக்கும், வீதி இருக்காது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு ஓர் அழைப்பு எடுத்துக் கேட்டுவிட்டு மலை ஏறுங்கள்.

வரைபடத்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்?

ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கும் முன். தெற்கு அதிவேக வீதி மத்தளை, அம்பாந்தோட்டை வரை நீண்டது 2020 இல். மத்திய அதிவேக வீதியின் மீரிகம–குருணாகல் பகுதி திறந்தது 2022 தையில். யாழ்ப்பாணத்தில் இருந்து குருணாகல் வழியாகக் கொழும்புக்கு இறங்குகிறவருக்கு இது பெரிய மாற்றம், பழைய வரைபடம் போட்ட கருவிக்கு அது தெரியாது. 2011க்கு முந்திய வரைபடம் என்றால் சங்குப்பிட்டிப் பாலமே இருக்காது. நீங்கள் பூநகரிக்குப் போய்க்கொண்டிருக்க, அது உங்களைக் கடலில் மிதக்க விட்டுத் திரும்பு திரும்பு என்று கத்தும்.

டாஷ்போர்ட்டில் அன்ட்ராயிட் செட் பூட்டினால் போதாதா?

போதும், ஒழுங்காகப் பூட்டினால். பெரிய திரை, பின் கமரா, பாட்டு எல்லாம் ஒன்றில் கிடைக்கும். ஆனால் கடைகளில் பூட்டும்போது ஒரு விடயத்தில் அவசரப்படுகிறார்கள்.

செட்டோடு தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒரு சின்னக் கட்டை வரும், நீண்ட மெல்லிய வயரோடு. அதுதான் ஜிபிஎஸ் அன்ரெனா. அது வானத்தைப் பார்க்க வேண்டும். வயரைச் சுருட்டி, கட்டையையும் சேர்த்து செட்டுக்குப் பின்னால் இரும்புச் சட்டத்துக்குள் திணித்துவிட்டால், வண்டி நல்லூரில் நிற்கத் திரை பக்கத்துத் திருநெல்வேலியைக் காட்டும். பூட்டுகிறவரிடம் நீங்களே கேளுங்கள்: "தம்பி, அன்ரெனாவை எங்க வைக்கிறீர்?" டாஷ்போர்ட்டின் மேற்பரப்பில், முன்கண்ணாடிக்குக் கிட்ட, காந்தப் பக்கம் கீழே இருக்க ஒட்டச் சொல்லுங்கள். முன்கண்ணாடியில் உலோகத் தூள் கலந்த கறுப்புத் தாள் ஒட்டியிருந்தால் சமிக்ஞை இன்னும் குறையும்.

ரம் (நினைவகம்) 2 ஜிபி உள்ள மலிவுச் செட்டில் வரைபடமும் பாட்டும் சேர்ந்து ஓடாது. 4 ஜிபி இருப்பதாக எடுங்கள். இணையம் போனின் ஹொட்ஸ்பொட்டில் வரும்.

சார்ஜர் விடயத்தில் ஏதாவது?

உண்டு. ஹையேஸ், கரவன் 12 வோல்ட். கோஸ்டர், ரோசா போன்ற சிறு பேருந்துகள் பலவும் 24 வோல்ட். 12 என்று மட்டும் எழுதிய மலிவு சார்ஜரை 24 இல் செருகினால் முதலில் வாடை வரும், பிறகு போன் போகும். 12–24 என்று எழுதியிருக்க வேண்டும். வயரும் தடிப்பானதாக இருக்கட்டும். திரை முழு வெளிச்சத்தில் வழி காட்டும்போது மெல்லிய வயரில் ஏறும் மின்சாரம் காணாது, சார்ஜரில் இருந்தபடியே பற்றரி இறங்கும்.

தமிழில் வழி சொல்லுமா?

கூகிள் மேப் சொல்லும். ஊர்ப்பெயர்களைச் சொல்லும் விதத்துக்குக் குழந்தைகள் பின்னால் இருந்து சிரிப்பார்கள்.

கனடாவில் ஆர்வி எடுக்கப் போகிறோம். அங்கேயும் போன் போதும் என்று சொல்வீர்களா?

இல்லை. அங்கே வரும் வண்டி வேறு. கூரை 11, 12 அடிக்குப் போகும். நீங்கள் ஓட்டிப் பழகிய வானின் கண் அளவை வைத்துப் பாலத்துக்குக் கீழே நுழைவீர்கள். அமெரிக்காவின் வட கரோலைனாவில் டர்ஹம் நகரத்தில் 11 அடி 8 அங்குலம் உயரமாக இருந்த ரயில் பாலம் ஒன்று லொறிகளின் கூரையை உரிப்பதில் உலகப் புகழ் பெற்றது. 2019 இல் அதை எட்டு அங்குலம் உயர்த்தினார்கள். அதன் பிறகும் மோதுகிறார்கள். நியூயோர்க், கனெக்ரிகட் பக்கத்தில் பார்க்வே என்று சொல்லும் பழைய கார் வீதிகளிலும் தாழ்ந்த பாலங்கள் ஏராளம், கூகிள் காருக்கான வழியாக அவற்றைத்தான் முதலில் காட்டும்.

பிறகு காஸ். ஆர்வியில் புரொப்பேன் சிலிண்டர் இருக்கும். பால்டிமோர் துறைமுகத்துக்குக் கீழே போகும் சுரங்கங்களில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. நியூயோர்க்கில் இருந்து வாஷிங்டன் பக்கத்துக் கோயில்களுக்கு ஆர்வியில் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். முன்பு காஸ் வண்டிகள் சுற்றிப் போன பிரான்சிஸ் ஸ்கொட் கீ பாலம் 2024 மார்ச்சில் கப்பல் மோதி விழுந்துவிட்டது. பழைய வரைபடம் உள்ள கருவி இன்னமும் உங்களை அங்கே அனுப்பும். இப்போது பால்டிமோரைச் சுற்றும் 695 சுற்றுவீதியின் மேற்குப் பக்கத்தால் போக வேண்டும்.

அல்பேர்ட்டாவில் லேக் லூயிஸில் இருந்து ஜாஸ்பர் வரை ஏறத்தாழ 230 கிலோமீற்றர் ஓடும் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வேயில் பெரும்பகுதிக்குப் போன் சமிக்ஞை கிடையாது. வரைபடம் கருவிக்குள்ளேயே இருப்பது அங்கே உயிருக்கு உதவும். வாடகை நிறுவனத்திடம் ஆர்விக் கருவி சேர்த்துத் தருவீர்களா என்று முன்பதிவிலேயே கேளுங்கள். ஒரு பயணத்துக்காகப் புதிதாக வாங்க வேண்டாம், சந்தா ஆப்பை ஒரு மாதத்துக்கு எடுத்தாலே போதும். வருடா வருடம் போகிறவர் வாங்கலாம்.

லொறிச் சாரதியான மச்சானிடம் டிரக் ஜிபிஎஸ் இருக்கிறது, அது போதாதா என்றும் கேட்பீர்கள். உயரம் சரியாகப் பார்க்கும். ஆனால் லொறிக்குத் தடை, ஆர்விக்குத் தடையில்லை என்ற வீதிகளையும் சேர்த்துத் தவிர்த்துச் சுற்றிக் கொண்டுபோகும். அவசரத்துக்குப் பரவாயில்லை.

கையில் ஒரு தொகை இருக்கிறது. இலங்கைக்குள் ஓட எதில் செலவழிப்பது?

முதலில் நல்ல தாங்கியும் 12–24 சார்ஜரும். அடுத்து, வழி காட்ட மட்டும் ஒரு பழைய போன், சிம் இல்லாமல் வண்டியிலேயே இருக்கட்டும். கையில் பிடித்தபடி ஓட்டுவது குற்றம் என்பதால் அது தாங்கியை விட்டு இறங்கவே கூடாது. மிச்சக் காசுக்கு ரயர்.

பழைய கார்மின் ஒன்று அலுமாரியில் கிடக்கிறது. எறிவதா?

ஒரு தடவை போட்டுப் பாருங்கள். ஜிபிஎஸ் திகதியை வாரங்களாக எண்ணுகிறது, அந்த எண்ணிக்கை 2019 சித்திரையில் சுழியத்துக்குத் திரும்பியது. அதன் பிறகு மென்பொருள் புதுப்பிக்காத பழைய கருவிகள் சில திகதியைப் பிழையாகக் காட்டும். இடம் சரியாகவே வரலாம், சேரும் நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். கணினியில் இணைத்துப் புதுப்பித்து, அட்டை போட இடமிருந்தால் இலங்கை வரைபடத்தை ஏற்றிக்கொள்ளுங்கள். போன் சூடாகி அணையும் நேரத்துக்கு மாற்றாக ஓடும். பற்றரி வீங்கி முதுகு தள்ளியிருந்தால் மட்டும் சார்ஜரில் செருக வேண்டாம்.